கார் முழுக வேண்டுமே என்ற பதைப்பு

சில மாதங்களுக்கு முன்பு வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து 'சைக்கோ' பார்த்தோம். அத்தைக்கு அந்தப் படத்தைப் பற்றி எதுவும் தெரியாது. பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்பதற்காகவே வந்து உட்கார்ந்தார். முதலாளி வங்கியில் கட்டச் சொல்லிக் கொடுத்த 40,000 டாலரை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடும் மேரியனை முதலில் திட்டினார், பிறகு அவளுக்காகக் கவலைப்பட்டார், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவள் மனம் மாறியபோது ஆறுதல் அடைந்தார். குளியலறையில் அவள் குத்திக் கொல்லப்பட்டதும் முகத்தை மூடிக்கொண்டு, "பாவம், திருப்பிக் குடுக்கத்தானே இருந்தா" என்றார். அதற்குப் பிறகு சுமார் பத்து நிமிடம் போயிருக்கும். விடுதிக்காரனான நார்மன் அந்தப் பெண்ணின் உடலை அவளுடைய காரிலேயே கிடத்திச் சதுப்புக்குள் தள்ளுகிறான். கார் மெல்ல இறங்கி, பாதிக்கு மேல் போனதும் அசையாமல் நின்றுவிடுகிறது. அத்தை இருக்கையின் முனைக்கு வந்து, "ஐயய்யோ, நின்னுடுச்சே! முழுகித் தொலையேன்!" என்றார்.

அறையில் யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் அதையேதான் விரும்பிக்கொண்டிருந்தோம். ஏற்கெனவே பலமுறை பார்த்த படம் என்பதால், நார்மன் யார் என்பதும் அந்தக் காருக்குள் என்ன இருக்கிறது என்பதும் எனக்குத் தெளிவாகத் தெரியும். அப்படியிருந்தும் கார் முழுகி மறைந்தபோது என் மூச்சு இலகுவானது. சற்று முன்பு யாருக்காகக் கண் கலங்கினோமோ அவளுடைய உடல் யாருக்கும் தெரியாமல் புதைந்துபோக வேண்டும் என்று ஒரு குடும்பமே ஒருமனதாக வேண்டிக்கொண்டது எப்படி என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. அந்தப் படத்தை இயக்கிய ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் என்ற மனிதரின் அறுபதாண்டு உழைப்பைப் பற்றி எனக்கிருந்த கருத்தை அந்தக் கேள்வி கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியிருக்கிறது.

மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டு

ஹிட்ச்காக்கைப் பற்றிப் பேசும் எவரும் மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதில்லை. 1962இல் பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் அவரே விளக்கியது அது: இருவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று குண்டு வெடித்தால் பார்வையாளருக்குக் கிடைப்பது சில நொடி அதிர்ச்சி, குண்டு அங்கே இருப்பதை முன்கூட்டியே காட்டிவிட்டால் அதே சாதாரணப் பேச்சு கால் மணி நேரத் தவிப்பாக மாறிவிடும். திரைக்கதை வகுப்புகளில் இது வேதவாக்கு. நானும் நெடுங்காலம் இதைத்தான் அவருடைய மொத்தக் கலையின் திறவுகோலாக நினைத்திருந்தேன். பார்வையாளருக்கு எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்ற கணக்கில் அவர் தேர்ந்தவர் என்று எண்ணிக்கொண்டால் விஷயம் முடிந்துவிடுகிறது.

ஆனால் சதுப்பில் நிற்கும் காரை இந்தக் கணக்கு விளக்குவதில்லை. அங்கே நமக்குத் தெரியாதது எதுவும் இல்லை. தெரிந்திருப்பது மட்டும் பதைப்பை உண்டாக்கிவிடாது. மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பிழைக்க வேண்டும் என்று நாம் விரும்பினால்தான் குண்டு நம்மை வதைக்கும். அப்படியானால் அந்த விருப்பத்தை நமக்குள் வைப்பது எது, அதை யார் பக்கம் வேண்டுமானாலும் திருப்ப முடியுமா என்பதே ஆழமான கேள்வி. திருப்ப முடியும் என்பதை ஹிட்ச்காக் மிக இளம் வயதிலேயே கண்டுகொண்டார் என்றும், அவருடைய வாழ்நாள் உழைப்பு அந்த ஒரு கண்டுபிடிப்பைச் சுற்றியே நடந்தது என்றும் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அவர் இதைக் கற்ற விதத்தில் ஒரு பெரிய அடியும் உண்டு. 1936இல் வெளிவந்த 'சபோடாஜ்' படத்தில் ஸ்டீவி என்ற சிறுவன் தன் கையில் இருப்பது வெடிகுண்டு என்று அறியாமல் லண்டன் வீதிகளில் அதைச் சுமந்து செல்கிறான். 1.45 மணிக்கு அது வெடிக்கும் என்று நமக்குத் தெரியும். வழியில் ஊர்வலம் குறுக்கிடுகிறது, தெரு வியாபாரி அவனைப் பிடித்து வைத்துக்கொள்கிறான், பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஒரு நாய்க்குட்டி. கடைசியில் குண்டு வெடித்துப் பையன் இறந்துபோகிறான். பார்வையாளர்கள் கோபம் அடைந்தார்கள். தான் செய்தது தவறு என்று ஹிட்ச்காக் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு நேரம் பிள்ளைமேல் நம்மை அன்பு வைக்கச் செய்துவிட்டு அவனைக் கொன்றுபோட்டது பார்வையாளருக்குச் செய்த துரோகமாகிவிட்டது. விருப்பத்தை எழுப்பிவிட்டால் அதற்கு ஒரு போக்கிடம் கொடுத்தாக வேண்டும் என்ற பாடம் அவருக்கு அந்தப் பேருந்தில் கிடைத்திருக்க வேண்டும். 'சைக்கோ'வில் அவர் மேரியனைக் கொன்றபோது பார்வையாளரை நடுவழியில் விட்டுவிடாமல் உடனடியாக வேறொருவரின் கையில் ஒப்படைத்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

காய்கறிக் கடைக்காரரின் மகன்

1899 ஆகஸ்ட் 13 அன்று கிழக்கு லண்டனின் லேட்டன்ஸ்டோனில் ஒரு காய்கறிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்து, இயேசு சபையினரின் பள்ளியில் படித்து, பதினைந்து வயதில் தந்தையை இழந்தவர் என்பதை எல்லா வரலாறுகளும் சொல்கின்றன. சின்ன வயதில் தந்தை கையில் ஒரு சீட்டைக் கொடுத்துக் காவல் நிலையத்துக்கு அனுப்ப, அங்கிருந்தவர் அதைப் படித்துவிட்டுச் சில நிமிடங்கள் அவரை அறையில் பூட்டி வைத்தார் என்ற கதையை அவர் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார். அது நடந்ததா என்பதைவிட, தவறு செய்யாதவனும் தன்னைக் குற்றவாளியாக உணரும் நிலையை அவர் தன் அடையாளமாகவே ஏற்றுக்கொண்டார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. தன்னைக் குற்றவாளியாக உணரத் தெரிந்தவருக்குக் குற்றவாளியின் பக்கம் நின்று பார்ப்பது எளிதாகத்தான் இருந்திருக்கும்.

ஹென்லி என்ற தந்திக்கம்பி நிறுவனத்தில் வேலை பார்த்து, அதன் விளம்பரப் பிரிவில் படம் வரைந்து, பிறகு இஸ்லிங்டன் ஸ்டூடியோவில் மௌனப் படங்களுக்கான எழுத்து அட்டைகளை வடிவமைப்பவராகச் சேர்ந்தார். அங்கே படத்தொகுப்பில் அவரைவிட முன்னதாகவே பெயர் பெற்றிருந்தவர் அல்மா ரெவில். ஹிட்ச்காக்குக்கு மறுநாள் பிறந்தவர். தான் உதவி இயக்குநராகும் வரை ஹிட்ச்காக் அவரிடம் பேசக்கூடத் தயங்கினார். 1924இல் வேலை நிமித்தமாக பெர்லினுக்கு அருகிலிருந்த உஃபா ஸ்டூடியோவுக்குச் சென்றபோது, அங்கே ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் எழுத்து அட்டைகளே ஏறக்குறைய இல்லாத ஒரு படத்தை எடுத்துக்கொண்டிருப்பதை நேரில் பார்த்தார். எழுத்து அட்டை செய்து பிழைப்பவர் ஒருவர், கேமரா நகரும் விதத்தாலேயே ஒரு மனிதனின் அவமானத்தைப் பார்வையாளரின் அவமானமாக்க முடியும் என்று கண்டுகொண்டதை அவருடைய கல்வியின் முக்கியமான பகுதியாக நான் கருதுகிறேன். 1926 டிசம்பரில் அல்மாவும் அவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

பிரிட்டனின் முதல் பேசும் படங்களில் ஒன்றான 'பிளாக்மெயில்' 1929இல் வந்தது. பேச்சுக்கு நடுவே 'கத்தி' என்ற ஒரு சொல் மட்டும் நாயகியின் காதில் அறைந்துகொண்டே இருக்கும் காட்சிக்காகவே அது நினைவுகூரப்படுகிறது. எனக்கு அதன் கதைப்போக்கே பெரிதாகத் தெரிகிறது. தன்னைப் பலாத்காரம் செய்ய வந்தவனை நாயகி குத்திக் கொன்றுவிடுகிறாள். துப்பறிவாளனான அவளுடைய காதலன் சாட்சியான கையுறையை மறைக்கிறான். மிரட்டிப் பணம் பறிக்க வந்தவன், அந்தக் கொலையைச் செய்யாதவன், போலீசாரிடமிருந்து ஓடி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கூரையிலிருந்து விழுந்து சாகிறான். உண்மை வெளியே வரக்கூடாது என்றே நாம் படம் முழுவதும் விரும்புகிறோம். முப்பதாண்டுகளுக்குப் பிறகு வரப்போகும் அந்தச் சதுப்பின் முதல் ஈரம் இங்கேயே இருக்கிறது.

1939இல் அமெரிக்கா போன பிறகு இந்தக் கை இன்னும் நுட்பமானது. 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெயின்' படத்தில் கொலைகாரன் புரூனோ, ஓர் அப்பாவியைச் சிக்கவைப்பதற்காக எடுத்துச் செல்லும் லைட்டரைச் சாக்கடைக் கம்பிகளுக்குள் தவறவிடுகிறான். அவன் விரல்கள் ஒவ்வொரு அங்குலமாக நீளும்போது, அது அவன் கைக்கு எட்ட வேண்டும் என்று நம்முடைய விரல்களும் நீளுகின்றன. 'டயல் எம் ஃபார் மர்டர்' படத்தில் மனைவியைக் கொல்ல ஏற்பாடு செய்த கணவனின் கைக்கடிகாரம் நின்றுவிடுகிறது. குறித்த நேரத்தில் வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வேண்டும், ஆனால் தொலைபேசிக் கூண்டுக்குள் வேறொருவர் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் சீக்கிரம் வெளியே வந்துவிடமாட்டாரா என்று நாம் தவிக்கிறோம். அந்த அழைப்பு போய்ச் சேர்ந்தால் ஒரு பெண்ணின் கழுத்து நெரிக்கப்படும் என்பது நமக்குத் தெரியும். ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு பாடுபடும் மனிதனைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால், அந்த வேலை எதுவானாலும் அது முடிய வேண்டும் என்று மனம் விரும்பத் தொடங்கிவிடுகிறது.

1959 டிசம்பர்

'நார்த் பை நார்த்வெஸ்ட்' என்ற செலவு மிகுந்த வண்ணப் படத்தின் வெற்றிக்குப் பிறகு அவர் எதை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். ராபர்ட் ப்ளாக் எழுதிய ஒரு மலிவான திகில் நாவலின் உரிமையை, தன் பெயர் தெரியாமல், 9,000 டாலருக்கு வாங்கச் செய்தார். பாரமவுண்ட் நிறுவனத்துக்கு அந்தக் கதை அறவே பிடிக்கவில்லை. அதனால் அவர் தன் சொந்த நிறுவனத்தின் பணத்தைப் போட்டார், இயக்குநர் சம்பளத்தை விட்டுக்கொடுத்துப் படத்தின் உரிமையில் 60 சதவீதத்தைக் கேட்டு வாங்கினார், தன் தொலைக்காட்சித் தொடரில் வேலை செய்துவந்த குழுவைக் கொண்டு கறுப்பு வெள்ளையில் சுமார் எட்டு லட்சம் டாலரில் முடித்தார். அறுபது வயதில், வசதியின் உச்சியில் இருந்துகொண்டு, தன் பணத்தையும் பெயரையும் பணயம் வைத்த இந்த முடிவை அவருடைய வாழ்க்கையின் நடுப்புள்ளியாகவே நான் பார்க்கிறேன். இதற்கு முன்பு செய்த எல்லாவற்றையும் அவர் இங்கே எந்த அலங்காரமும் இல்லாமல் வைத்துவிட்டார்.

குளியலறைக் காட்சியைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஒரு நிமிடம்கூட நீடிக்காத கொலைக்கு 1959 டிசம்பரில் ஏழு நாள் படப்பிடிப்பு, ரத்தத்துக்கு சாக்லேட் பாகு, இசையே வேண்டாம் என்று ஹிட்ச்காக் சொல்லியும் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் எழுதிக் காட்டிய வயலின் அலறல் என்று எல்லாமே வாசகர்கள் அறிந்தவை. நான் நிற்க விரும்புவது கொலைகாரி வெளியேறிய அடுத்த கணத்தில். இறந்து கிடக்கும் மேரியனின் கண்ணிலிருந்து கேமரா விலகுகிறது. குளியலறையை விட்டு வெளியே வந்து, கட்டிலருகே செய்தித்தாளுக்குள் மடித்து வைக்கப்பட்ட பணத்தைப் பார்க்கிறது, அங்கிருந்து ஜன்னலுக்குப் போகிறது. ஜன்னலுக்கு வெளியே மேட்டில் அந்த வீடு. அங்கிருந்து, அம்மாவின் மேல் ரத்தத்தைக் கண்டு அலறும் நார்மனின் குரல் வருகிறது. நாம் இதுவரை பற்றியிருந்த ஒரே ஆள் போய்விட்டாள். பணத்தைப் பற்றிக்கொள்ளலாமா என்றால் அதற்கு இனிப் பொருளில்லை. பற்றிக்கொள்ள அந்தக் குரலைத் தவிர வேறு எதுவும் இல்லை. அனாதையாகிவிட்ட நம்மை கேமரா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் நார்மனிடம் விடுகிறது.

அதன்பின் நார்மன் துடைப்பம், வாளி, துண்டுகளுடன் வருகிறான். ஏறக்குறையப் பேச்சே இல்லாமல் அவன் கைகளைக் கழுவுவதையும், தொட்டியைத் துடைப்பதையும், திரைச்சீலையில் உடலைச் சுற்றுவதையும், அறையில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பதையும் ஹிட்ச்காக் அவசரமில்லாமல் காட்டுகிறார். வேறு எந்த இயக்குநரும் இரண்டு ஷாட்டில் முடித்திருப்பார். தாய் செய்த கொடுமையை மறைக்கத் தவிக்கும் பிள்ளையாகவே முதன்முறை பார்ப்பவர் அவனைக் காண்கிறார். நாவலில் அவன் நாற்பது வயதுக் குடிகாரன், பார்க்கவே பிடிக்காதவன். படத்திலோ ஒல்லியான, வெட்கப்படும், மிட்டாய் கொறிக்கும் அந்தோணி பெர்கின்ஸ். செய்தித்தாளுக்குள் இருக்கும் பணத்தையும் என்னவென்று தெரியாமலேயே அவன் காருக்குள் எறிகிறான். கார் நிற்கும்போது அவன் முகத்தில் தோன்றும் பயம் நம்முடைய பயம். அந்த நேரத்தில் பார்வையாளர் கார் முழுகிவிட வேண்டும் என்றே நினைக்கிறார்கள் என்று த்ரூஃபோவிடம் ஹிட்ச்காக் மனநிறைவோடு சொன்னார். பார்வையாளர்களை ஓர் இசைக்கருவியைப்போல் வாசித்ததாகவும் அப்போதே சொன்னார். அத்தையின் பதற்றத்தை அவர் 1959 டிசம்பரிலேயே எழுதி வைத்துவிட்டார் என்று நினைக்கும்போது வியப்போடு சிறிது அச்சமும் உண்டாகிறது.

படத்தின் முடிவைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்க்கும்போதும் அந்தப் பதைப்பு குறைவதில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன். ரகசியம் வெளியானால் தீர்ந்துபோகும் படமாக இருந்திருந்தால், தொடங்கிய பிறகு யாரையும் அரங்குக்குள் விடக்கூடாது என்று 1960இல் அவர் போட்ட கண்டிப்பான விதியோடு அதன் ஆயுளும் முடிந்திருக்கும்.

நமக்குள்ள பங்கு

இங்கே எனக்கு ஒரு சங்கடம் உண்டு, அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனமில்லை. எவர் பக்கமும் நின்று பார்க்க நமக்குக் கற்றுக்கொடுத்த அந்த மனிதர், தன் முன்னால் நின்ற ஒரு பெண்ணின் பக்கம் நிற்கவில்லை. 'தி பேர்ட்ஸ்' படத்தின் மாடியறைக் காட்சிக்கு இயந்திரப் பறவைகளே பயன்படும் என்று நடிகை டிப்பி ஹெட்ரனிடம் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஐந்து நாட்கள் உயிருள்ள பறவைகள் அவர்மேல் எறியப்பட்டன. கண்ணுக்கு மிக அருகில் காயம் பட்டது. அவர் நிலைகுலைந்து, மருத்துவரின் கட்டளையால் ஓய்வெடுக்க நேர்ந்தது. 2016இல் எழுதிய தன்வரலாற்றில், ஹிட்ச்காக் தன்னிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியதையும், மறுத்தபோது ஒப்பந்தத்தைக் கொண்டே தன் தொழில் வாழ்க்கையை முடக்கியதையும் அவர் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அவர் சொல்வதை நான் நம்புகிறேன்.

மேதையின் பிடிவாதம், முழுமைக்கான வெறி என்று சொல்லி அந்த ஐந்து நாட்களைப் பல்லாண்டுகளாக எழுதிவந்தவர்கள், ஒரு வேலை முடிய வேண்டும் என்று பாடுபடுகிறவரின் பக்கம் தங்களை அறியாமல் சாய்ந்தவர்கள்தான். காட்சி நன்றாக வந்துவிட்டதா என்று கேட்டோம். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதை மிகவும் பிந்தியே கேட்டோம். நம்முடைய சார்பு எவ்வளவு எளிதில் இடம் மாறும் என்று அவருடைய படங்கள் காட்டியதற்கு, அவரைப் பற்றி நாம் எழுதி வைத்ததே சான்றாகிவிட்டது. இதைச் சொல்லிவிட்டு அவருடைய படங்களைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவற்றைப் பார்க்கும்போது நான் யார் பக்கம் நின்றுகொண்டிருக்கிறேன் என்று ஒவ்வொரு காட்சியிலும் கேட்டுக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது.

அந்தக் கேள்வியோடு 'ஃப்ரென்ஸி'யைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கிறது. 1972இல், லண்டனுக்குத் திரும்பிவந்து, கோவென்ட் கார்டன் காய்கறிச் சந்தையிலேயே எடுத்த படம். கொலைகாரன் ஒரு பழ வியாபாரி. லேட்டன்ஸ்டோன் கடைக்காரரின் மகன் தன் தந்தையின் தொழில் உலகத்தில் கொலைகாரனை நடமாடவிட்டிருக்கிறார். ஒரு பெண்ணை அவன் கழுத்தை நெரித்துக் கொல்வதை ஒளிவுமறைவில்லாமல் காட்டிய பிறகு, இன்னொருத்தியின் உடலை அடைத்து லாரியில் ஏற்றிய உருளைக்கிழங்கு மூட்டைக்குள் அவன் தன் டை பின்னைத் தேடித் துழாவும்போது அது கிடைக்க வேண்டுமே என்று நம்மைத் தவிக்கவைக்கிறார். உத்தி பழுதில்லாமல் வேலை செய்கிறது. ஆனால் சதுப்புக் காட்சியில் இருந்த இரக்கம் இங்கே இல்லை. நார்மனின் பயத்தில் ஒரு மனிதன் தெரிந்தான், இந்த லாரிக்குள் வெறும் உத்தியே தெரிகிறது. அந்தப் படத்தின்போதுதான் அல்மா பக்கவாதத்தால் தாக்கப்பட்டார் என்பதை என்னால் நினைக்காமல் இருக்க முடிவதில்லை. 'சைக்கோ'வின் இறுதித் தொகுப்பில், இறந்து கிடக்கும் மேரியனாக நடித்த ஜேனட் லீயிடம் யாரும் காணாத ஒரு சின்ன அசைவைக் கண்டுபிடித்தவர் அவர்தான். 1979இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் கௌரவித்தபோது, ஒரு படத்தொகுப்பாளர், ஒரு திரைக்கதையாசிரியர், தன் மகளின் தாய், சமையல் வல்லுநர் என்று நால்வருக்கு நன்றி சொல்லி, நால்வரின் பெயரும் அல்மா ரெவில் என்று ஹிட்ச்காக் சொன்னார். மறு ஆண்டு ஏப்ரல் 29 அன்று இறந்தார். ஐந்து முறை பரிந்துரைக்கப்பட்டும் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்ததே இல்லை.

ஹிட்ச்காக்கை எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு முன்பெல்லாம் 'சைக்கோ' என்றோ 'ரியர் விண்டோ' என்றோ சொல்லிவந்தேன். இப்போது 'ஷேடோ ஆஃப் எ டவுட்' என்று சொல்கிறேன். 1943இல் வந்தது, திரைக்கதையில் அல்மாவின் பெயரும் இருக்கிறது, தந்தைக்கு மிகப் பிடித்த படம் அதுதான் என்று மகள் பாட்ரீசியா சொல்லியிருக்கிறார். படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது இங்கிலாந்தில் ஹிட்ச்காக்கின் தாய் எம்மா காலமானார். படத்தில் வரும் அம்மாவின் பெயரும் எம்மா. பணக்கார விதவைகளைக் கொன்றுவிட்டு அக்காள் வீட்டில் ஒளிந்திருக்கும் மாமனை, அவன்மேல் உயிரையே வைத்திருக்கும் அக்காள் மகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுகொள்கிறாள். இரவு உணவு மேசையில் அவன் அந்த விதவைகளை விலங்குகளாக வருணிக்க, அவர்களும் மனிதர்கள்தானே என்று அவள் குரல் கேட்கிறது. அவன் மெல்லத் திரும்பி நேராக கேமராவைப் பார்த்து, அப்படியா என்கிறான். அந்தப் பார்வை நம் எல்லோர்மீதும் விழுகிறது. நாம் அவனை விரும்பியது எப்படி என்று நமக்குத் தெரியும், ஏனென்றால் அவளோடு சேர்ந்துதான் விரும்பினோம். அதிலிருந்து மீள்வதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதையும் அவளோடு சேர்ந்தே அறிகிறோம். வேறு எந்தப் படத்திலும் அவர் நமக்கு இப்படியொரு துணையைக் கொடுக்கவில்லை. அத்தைக்கு அடுத்து அதைத்தான் போட்டுக்காட்டப் போகிறேன்.